மலையிறங்கிய இரண்டு பெட்டிகள்

எங்கள் குன்னூர் கிளை அலுவலகத்தில் நெட்வொர்க் கருவிகளை வைத்திருக்கும் ரேக்கைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு குண்டு பல்பு. 40 வாட். ரேக்கின் அடித்தட்டில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து சுவிட்சில் கை வைத்தேன்.

"தம்பி, அதைத் தொடாதீங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன்.

மலையில் துணி அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க பல்பு எரியவிடுவார்களே, அதே வைத்தியம்தான். கோயம்புத்தூரில் சர்வர் ரூமைக் குளிரவைக்க ஏ.சி. போடுகிறோம். இங்கே ஈரம் தட்டாமலிருக்கச் சூடு காட்டுகிறார்கள்.

அந்த ரேக்கில்தான் கம்பெனியின் வைஃபை முழுவதையும் மேய்க்கும் பெட்டிகளான வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் இரண்டும் இருந்தன. தலைமை அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்க, கன்ட்ரோலர் ஏன் குன்னூரில் என்று கேட்டால், வைஃபை முதலில் வந்தது குன்னூருக்குத்தான். அலுவலகத்தை ஒட்டியே தேயிலை ஃபேக்டரி. இலை எடை போடும் இடத்தில் ஒயர் இழுத்து மாளவில்லை என்று அங்கே போட்டார்கள். பிறகு கோயம்புத்தூர் அலுவலகத்துக்கும் வைஃபை வேண்டும் என்றதும், இருக்கிற கன்ட்ரோலரிலேயே சேர்த்துவிடு என்று சேர்த்தாயிற்று. விளைவு என்னவென்றால், குன்னூரில் மழை பெய்து இரண்டு ஊரையும் இணைக்கும் கேபிள் லிங்க் போனால் கோயம்புத்தூரில் வைஃபை போகும். வெளியே வெயில் கொளுத்தும்போது மீட்டிங் ஹாலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் "சார், மலையில மழை" என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். மூன்றாவது தடவை சொன்னபோது, பெட்டிகளைக் கீழே கொண்டுவாருங்கள் என்று உத்தரவாகிவிட்டது.

இரண்டு பெட்டி, ஒரு ஜீப், ஒரு நாள் என்று நான் மீட்டிங்கில் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

என்னைத் தடுத்து நிறுத்தியது, ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கேட்ட ஒரு கேள்வி. "மழையில லிங்க் போச்சுன்னா எனக்கு எடைச் சீட்டு எப்படி வரும்?" பறித்த பச்சை இலையை மூட்டையிலேயே வைத்திருந்தால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். லாரி வந்தால் எடை போட்டு, சீட்டுக் கொடுத்து, வாட்டும் தொட்டிக்கு அனுப்பியாக வேண்டும். கம்ப்யூட்டர் வரட்டும் என்று இலை காத்திருக்காது.

அதுவரை எங்கள் அக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை அலையைப் பரப்பும் கருவிகள், சுருக்கமாக ஏ.பி.) எல்லாம் லோக்கல் மோடில் ஓடின. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த மோடில் ஏ.பி. தானாக எதையும் முடிவு செய்யாது. கன்ட்ரோலருக்கு ஒரு சுரங்கம் போட்டு, 5246ஆம் போர்ட்டில் உத்தரவும் 5247ஆம் போர்ட்டில் நம் டேட்டாவும் என்று எல்லாவற்றையும் அங்கே அனுப்பிவிடும். கன்ட்ரோலர் அடுத்த அறையில் இருக்கும்வரை இது ஒரு குறையே இல்லை. அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால், தராசுக்குப் பக்கத்தில் கையடக்கக் கருவியில் தட்டிய எடை, சுமார் 70 கிலோமீட்டர் மலையிறங்கிப் போய், மறுபடி 70 கிலோமீட்டர் ஏறி வந்து, இருபதடி தள்ளியிருக்கும் பிரின்டரில் சீட்டாக விழும். லிங்க் இருந்தால்.

லிங்க் எந்த வழியாக வருகிறது என்பது குன்னூர்க்காரர்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் சாலையோரமாக, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டித்தான். நீலகிரியின் மேற்குப் பக்கமான கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர்தான் பயம். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட சாலையோரத்துக் கண்ணாடி இழையை நம்பி எடைச் சீட்டை விடுவதா?

அதனால் பெட்டியை நகர்த்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் பெரிதாகிவிட்டது. குன்னூர் ஏ.பி.க்களை ஃபிளெக்ஸ் கனெக்ட் என்ற மோடுக்கு மாற்றினோம். இதில் மேய்ப்பது கன்ட்ரோலர், ஆனால் டேட்டா உள்ளூர் ஸ்விட்சிலேயே இறங்கிவிடும். லிங்க் அறுந்தாலும் ஏ.பி. தன் போக்கில் வேலை செய்யும். ஒரே ஒரு வில்லங்கம், ஏ.பி. செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட் ஒவ்வொன்றையும் டிரங்காக (பல வலைகளைச் சுமக்கும் போர்ட்டாக) மாற்றி, எந்த வைஃபை எந்த வி-லானில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலையில்) இறங்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். 23 ஏ.பி. எந்த ஒயர் எந்த போர்ட்டில் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. அண்ணன் மட்டும் மனப்பாடமாகச் சொன்னார். "இது ரோலிங் ரூம், இது மாடி, இது பங்களா, இது செத்துப்போன ஒயர்." இரண்டு இடத்தில் மட்டும் தவறினார். நான் அதைவிட அதிகமாகத் தவறினேன்.

எடைக் கருவிகளின் வைஃபைக்குச் சாதாரண பாஸ்வேர்ட் முறையையே வைத்தோம். அலுவலக லேப்டாப்கள் ஆளுக்கொரு லாகின் கேட்கும் முறையில். அதைச் சரிபார்க்கும் சர்வர் கோயம்புத்தூரில். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு வேடிக்கையைக் கொண்டுவந்தது.

செப்டம்பரில், மழைக்கு முன்னால், இரண்டாவது கன்ட்ரோலரை முதலில் இறக்குவது என்று முடிவு. முதலாவது மேலே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி மலையேற இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்கு வேண்டாம். அதனால் கிளை அலுவலக ஜீப்பிலேயே கம்பளியில் சுற்றி எடுத்து வந்தோம். பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் இறங்க மறுத்துவிட்டார். "குரங்கு சார். கம்பளியை இழுத்துட்டுப் போச்சுன்னா பெட்டியும் கூடவே போகும்." அவருக்கு டீ ஜன்னல் வழியாகப் போனது.

கோயம்புத்தூரில் ரேக்கில் ஏற்றி கரன்ட் கொடுத்தோம். விளக்குகள் எல்லாம் பச்சை. ஒரு ஏ.பி. கூட வந்து சேரவில்லை.

மூன்று மணி நேரம் நான் ஃபயர்வாலோடு சண்டை போட்டேன். 5246 திறந்திருக்கிறதா, 5247 திறந்திருக்கிறதா, நடுவில் யாராவது பாக்கெட்டைத் தின்கிறார்களா. எல்லாம் சரி. கடைசியில்தான் கன்ட்ரோலர் தானே எழுதிவைக்கும் குறிப்பான லாகைப் பொறுமையாகப் படித்தேன். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று எழுதியிருந்தது. காலாவதி என்றால்கூடப் புரியும். இன்னும் செல்லுபடியாகவில்லை என்றால்? தேதியைப் பார்த்தேன். கன்ட்ரோலர் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இருந்தது.

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை கரன்ட் போய் வரும்போதும் அது குன்னூர் ரவுட்டரிடம் மணி கேட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தது. கீழே வந்த பிறகும் அதே ரவுட்டரிடமே கேட்டது. புது இடத்திலிருந்து அதற்கு வழியில்லை. ஏ.பி.யும் கன்ட்ரோலரும் ஒன்றையொன்று சான்றிதழ் பார்த்துத்தான் நம்பும். 2000இல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்த ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்திலிருந்த பையன் முதல் அரை மணியிலேயே "சார், லாக்ல தேதி ஒரு மாதிரி இருக்கே" என்று சொன்னான் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான்தான் "அதெல்லாம் அப்புறம்" என்றேன்.

முதலாவது பெட்டியை அடுத்த வாரம் இறக்கினோம். இந்தத் தடவை கிளம்பும் முன்பே மணி கேட்கும் முகவரியை மாற்றியாயிற்று. புதுக் கன்ட்ரோலர் முகவரியை டி.எச்.சி.பி. (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) வழியாகக் கொடுத்ததும் 19 ஏ.பி. சமத்தாகக் கோயம்புத்தூரில் போய்ச் சேர்ந்தன. நான்கு வரவில்லை. அந்த நான்குக்கும் யாரோ ஒரு காலத்தில் கையாலேயே ஐ.பி. முகவரி கொடுத்துவைத்திருந்தார்கள். டி.எச்.சி.பி.யிடம் கேட்டால்தானே புது முகவரி தெரியும்? அவை கேட்பதே இல்லை. நினைவிலிருந்த பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தன. நான்கும் இலை வாட்டும் மாடியில், கூரையை ஒட்டி. அண்ணன் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார். விஷயம் என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"எங்கப்பா மாதிரி" என்றார். அவர் குடும்பம் 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. "இங்க வந்து முப்பது வருஷம் இருந்தார். யாராவது ஊர் எதுன்னு கேட்டா, சாகிற வரைக்கும் கண்டி தோட்டத்து அட்ரஸைத்தான் சொல்வார்."

நான் கன்சோல் ஒயரைச் செருகி நான்கின் பழைய முகவரியையும் அழித்தேன். அவர் ஏணியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் எதிர்பார்த்தது நடந்தது. சாலையோரம் மண் சரிந்து, அதை அள்ள வந்த ஜே.சி.பி. கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது. 14 மணி நேரம் லிங்க் இல்லை. கோயம்புத்தூர் மீட்டிங் ஹாலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டீமேக்கரிடமிருந்து போனே வரவில்லை. அவர் போன் செய்யாவிட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

போன் செய்தவர் ஹெட் கிளார்க். லிங்க் போகும் முன் லாகின் ஆனவர்களின் வைஃபை அப்படியே நின்றது. உள்ளூர் பிரின்டர், ஃபைல் எல்லாம் கிடைத்தன. அதன் பிறகு வந்தவர்களைச் சரிபார்க்க ஆள் கோயம்புத்தூரில் அல்லவா இருக்கிறது? அவர் அன்றைக்கு வந்தது பத்தரைக்கு.

"ஒன்பது மணிக்கு வந்தவனுக்கு வைஃபை இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. ஹெட் ஆபீஸ்ல புதுசா ஏதாவது ரூல் போட்டிருக்கீங்களா?"

நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. அதற்கப்புறம் அவர் நேரத்துக்கு வருவதாகக் கேள்வி.

போன மாதம் மறுபடி குன்னூர் போயிருந்தேன். ரேக்கைத் திறந்தால் பல்பு எரிகிறது. ஸ்விட்சும் ரவுட்டரும் அங்கேயே இருப்பதால் அது வேண்டும்தான். கன்ட்ரோலர்கள் இருந்த இரண்டு தட்டும் காலி என்று நினைத்தேன்; இல்லை. மேல் தட்டில் ஒரு தூக்குப் போசி இருந்தது. மத்தியானம் வரைக்கும் சோறு ஆறாமல் இருக்கிறதாம். ரேக்கில் சாப்பாடு வைக்கக் கூடாது என்று விதி எழுதியவனே நான்தான். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.