கட்டையில் கை வைக்கும் முன் பிளேட்டுக்குப் போங்கள்

இங்கிலாந்தில் கிளே (பறக்கவிடும் சிறு தட்டு) சுடப் பழகுகிற எவருக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "துப்பாக்கி உங்களுக்குப் பொருந்தவில்லை." எங்கே பொருந்தவில்லை, எவ்வளவு பொருந்தவில்லை என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். அந்தச் சுழலில் சிக்கி இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன். எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

சான்றிதழ், போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தது, சுவரில் இரும்பு அலமாரி பொருத்தியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வாங்கியது ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மிரோக்கு எம்கே38, 12 போர் (குழல் அளவு) ஷாட்கன். ஜப்பான் தயாரிப்பு, துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. விற்ற கடைக்காரர் கட்டையின் (தோளில் வைக்கும் மரப்பகுதி) அடியை என் முழங்கை மடிப்பில் வைத்து, விசைக்கு விரல் எட்டுகிறதா என்று பார்த்து, "கச்சிதம்" என்றார். இந்த முழங்கைச் சோதனையை யார் செய்து காட்டினாலும் நம்பாதீர்கள். அதில் தெரிவது முன்கையின் நீளம் மட்டும்தான். கழுத்து எவ்வளவு உயரம், கன்னம் எவ்வளவு சதைப்பற்று, தோள் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் வராது. குண்டு எங்கே போகும் என்பதை முடிவு செய்வதே அவைதான்.

வலமிருந்து இடம் போகும் தட்டுகள் உடைந்துகொண்டே இருந்தன. இடமிருந்து வலம் போவது மட்டும் தப்பித்துக்கொண்டே போனது. பின்னால் நின்று பார்த்த பயிற்சியாளர், "எல்லாமே இடதுபக்கம் போகிறது, பொருத்தம் பார்த்துவிடுங்கள்" என்றார். சரி என்று, பொருத்தம் பார்த்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கடைக்குப் போனேன்.

அங்கே நடந்ததை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. குளிர்காலம், தடித்த ஜாக்கெட் போட்டிருந்தேன். அதைக் கழற்றச் சொல்லக்கூட இல்லை. காலித் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொல்லி, எதிரே நின்று குழலின் மேலாக என் கண்ணைப் பார்த்தார் அங்கிருந்தவர். அப்புறம் ஒரு தாளில் எழுதினார்: நீளம் 14¼ அங்குலம், ஹீலில் (கட்டையின் பின்முனை மேல்மூலை) வலப்பக்கம் கால் அங்குலம் காஸ்ட் (பக்கவாட்டு விலகல்). டிராப் (குழல் மட்டத்திலிருந்து கட்டை இறங்கும் அளவு) என்ற இடத்தில் "ஓகே". பிட்ச் (கட்டையின் பின்முனைச் சாய்வு) என்ற இடம் காலி. எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறியை முடிவு செய்யும் கண்) என்று கேட்கவில்லை, ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. கட்டணத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். டிராப் எண் இல்லாத தாளை எந்த மர வேலைக்காரரும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் அப்படி ஒரு தாளை நீட்டினால் பணம் கொடுக்கும் முன்பே எண்ணைக் கேளுங்கள்.

கட்டையைச் சூடாக்கி வளைத்துத் தருகிறவரிடம் அந்தத் தாளைக் கொண்டு போனேன். அங்கேதான் அதிர்ஷ்டம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. இந்தத் துப்பாக்கியில் கட்டைக்குள்ளே நீளமாக ஒரு போல்ட் ஓடுகிறது, அதற்கான துளை நேராக இருக்க வேண்டும். கால் அங்குலம் வளைத்தால் அப்புறம் கட்டையைக் கழற்ற ஸ்குரூடிரைவர் நேராக உள்ளே போகாமல் போகலாம் என்று சொல்லிவிட்டு, "பிளேட்டில் சுட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிளேட் என்பது ரவை எங்கே விழுகிறது என்று பார்க்கச் சுடும் இரும்புத் தகடு. அடுத்து அதைத் தேடும் படலம். முதலில் போன மைதானத்தில் அன்று போட்டி, பிளேட் பக்கமே விடவில்லை. தொலைபேசியில் கேட்டபோது "வாருங்கள்" என்று சொன்னவர்கள்தான். இன்னொரு மைதானத்தில் ஃபைபர் வாட் (தோட்டாவுக்குள் மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) தோட்டா மட்டும்தான் அனுமதி; என் பையில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் வாட். இந்த விதி வாசலில் ஒட்டியிருந்தது, அவர்களுடைய இணையப் பக்கத்தில் இல்லை. கிளம்பும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: பிளேட் காலியா, எந்த வாட், கட்டணம் தனியா. இன்னொன்று, இரும்புப் பிளேட்டில் ஈய ரவை மட்டும்தான் சுட வேண்டும். எஃகு ரவை தெறித்து உங்கள் மேலேயே திரும்பி வரும்.

கடைசியில் கிடைத்தவர் வயதான, அதிகம் பேசாத ஒரு பெரியவர். எப்போதும் சுடும்போது போடும் வெஸ்ட், கண்ணாடி, தோட்டா மூன்றையும் கொண்டு வரச் சொன்னார். 16 கெஜத்தில் பிளேட், வெள்ளைப் பூச்சு, நடுவில் ஒரு புள்ளி. குறி பார்க்கக் கூடாது. புள்ளியைப் பார்த்து, துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தில் பட்டதும் சுட வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழுந்தது. சில சுட்டதும் திட்டுகளின் நடுவைக் கண்ணால் கணக்கிட்டு, "4 அங்குலம் இடது, இரண்டரை அங்குலம் கீழே" என்றார்.

16 கெஜத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கண்ணிலிருந்து குழல் முனை ஏறக்குறைய 1 கெஜம். அதனால் கட்டையில் 1/16 அங்குலம் மாற்றினால் பிளேட்டில் 1 அங்குலம் நகரும். அங்கே 4 அங்குலம் இடது என்றால் 40 கெஜத்தில் 10 அங்குலம். பறக்கிற தட்டின் விட்டமோ 11 சென்டிமீட்டர். தப்பித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தக் கணக்குப்படி 4 அங்குலத்துக்குக் கால் அங்குலம் காஸ்ட். கடைக்காரர் தாளில் எழுதியிருந்த அதே எண்! என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் கண்ணாடியின் இடது வில்லையில் மங்கலான டேப் துண்டு ஒன்றை ஒட்டினார். "மறுபடி சுடுங்கள்." இடதுபக்கம் போனது ஏறத்தாழ முழுசும் காணாமல் போனது. கீழே போவது மட்டும் அப்படியே இருந்தது. அதாவது இடதுக்குக் காரணம் மரமே இல்லை. வலது தோளில் வைத்துச் சுடும் எனக்கு இடது கண் குறுக்கிட்டுக்கொண்டிருந்தது. கட்டையை வளைத்திருந்தால் காசும் போய், போல்ட்டும் மாட்டி, டேப் ஒட்டிய அன்று எல்லாம் வலதுபக்கம் போயிருக்கும்.

மீதி இருந்தது காம்ப் (கன்னம் பதியும் கட்டையின் மேல்விளிம்பு) உயரம். நுரை அட்டையை மேலே ஒட்டி, சுட்டு, இன்னும் ஒன்று ஒட்டி, 4 மில்லிமீட்டரில் நடுவுக்கு வந்தது. நீளத்தைத் தொட வேண்டாம், பிட்சும் சரி என்றார். அந்த ஜாக்கெட்டோடு அளந்ததால்தான் கட்டை நீளம் அதிகம் என்று கடையில் தோன்றியிருக்கிறது.

அட்டையோடு சில வாரம் சுட்டுவிட்டு, ஏற்றி இறக்கும் காம்ப் வைக்க முடிவு செய்தேன். மர வேலைக்காரர் பதிவு பெற்ற டீலர் இல்லை, துப்பாக்கியை அவரிடம் விட்டுவர முடியாது. ஆனால் இங்கே ஷாட்கன் கட்டை வெறும் மரம்தான், அதற்குச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கட்டையை மட்டும் கழற்றித் தபாலில் அனுப்பினேன். கழற்றும்போது ரப்பர் பேடில் இருக்கும் சிறு துளைகளுக்குள் விடுமுன் ஸ்குரூடிரைவரில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் கிழிந்து அசிங்கமாகிவிடும்.

பிளேட்டின் புகைப்படங்களோடு அந்தக் கடைக்குத் திரும்பிப் போனேன். மேலாளர் முதலில் மழுப்பினார். டிராப் இடத்தில் "ஓகே" என்று எழுதியிருந்ததைக் காட்டியதும் பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதிக்குத் தோட்டா எடுத்துக்கொள்ளச் சொன்னார். இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் வாட். வேண்டாம், பணமாகவே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.