மற்றவை மாறாதிருக்க: நுண்பொருளியல் படிக்கும் நாட்குறிப்பு

ஜனவரி 8

இணையத்தில் நுண்பொருளியல் (தனி மனிதர், நிறுவனம், சந்தை இவற்றைப் பார்க்கும் பொருளியல்) அறிமுக வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வீடியோ பார்ப்பதற்கும் பயிற்சிக் கணக்கு போடுவதற்கும் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். முதல் பாடம் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டவற்றுள் எது மிகச் சிறந்ததோ, அதுதான் தேர்ந்ததற்கு நாம் கொடுக்கும் விலை. இந்தக் கணக்குப்படி இலவச வகுப்பு என்று ஒன்றே கிடையாது, மாலை நேரம் போகிறதே. இப்படிப்பட்ட வகுப்புகளில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்று குறையாகச் சொல்வார்கள். பாதியில் விட்டுவிட்டு அதைவிட உருப்படியான வேலைக்குப் போனவர் முதல் பாடத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் என்றும் சொல்லலாம்.

ஜனவரி 11

தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வந்தாயிற்று. எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது முதலாவது, எவ்வளவு விற்க வருவார்கள் என்று காட்டுவது இரண்டாவது. விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். பள்ளிக் கணக்கில் எதை நாம் மாற்றிப் பார்க்கிறோமோ அது கிடை அச்சில் வரும், இங்கே தலைகீழ். 1838-லேயே தேவைக் கோடு வரைந்த பிரெஞ்சுக்காரர் கூர்னோ விலையைக் கிடை அச்சில்தான் போட்டார். ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட நூலில் அது நிமிர்ந்து நின்றது, அப்படியே நிலைத்தும்விட்டது. சரி, இது பழகிவிடும்.

பழகாமல் உறுத்துவது வேறொன்று. ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ‘மற்றவை மாறாதிருக்க’ என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. மற்றவை மாறாதிருக்க, விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும். உலகத்தில் எது ஐயா மாறாமல் இருக்கிறது? தப்பித்துக்கொள்ள வைத்திருக்கும் கொல்லைப்புற வாசல் மாதிரிதான் முதல் பார்வைக்குத் தெரிகிறது.

ஜனவரி 12

நேற்றைய எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. ஒரு பொருளின் விலை ஏறியது, விற்பனையும் கூடியது, ஆகவே தேவை விதி பொய் என்று யாராவது சொன்னால் என்ன பதில்? அந்தப் பொருளின் விலை மட்டும் மாறும்போது தேவைக் கோட்டின் மேலேயே நகர்கிறோம். வருமானம், ரசனை, மாற்றுப் பொருளின் விலை ஆகியவற்றில் ஏதாவது மாறினால் கோடே இடம் பெயர்கிறது. வருமானம் கூடிக் கோடு வலப்பக்கம் நகர்ந்தால் விலையும் விற்பனையும் சேர்ந்தே ஏறும். விதி அப்படியே இருக்கிறது, மற்றவைதான் மாறிவிட்டன. எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த முன்னொட்டு இல்லாமல் முடியாது.

ஜனவரி 17

நெகிழ்ச்சி: விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது. தேவை = 100 − 2 × விலை என்று ஒரு நேர்கோடு. சரிவு எல்லா இடத்திலும் ஒன்றுதான், நெகிழ்ச்சி அப்படி இல்லை. விலை 10 இருக்கும் இடத்தில் நெகிழ்ச்சி 0.25, விலை 30-ல் 1.5, விலை 40-ல் 4. கீழே விலையை ஏற்றினால் விற்பவரின் மொத்த வரவு கூடும், மேலே ஏற்றினால் குறையும். விலையைக் கூட்டினால் வரவு கூடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களிடம் கோட்டின் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஜனவரி 19

இன்றைக்கு வரி. இதுவரை வந்ததில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம், அதனால் முழுக் கணக்கையும் எழுதி வைக்கிறேன்.

அதே தேவைக் கோடு. அளிப்பு = 10 + விலை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் விலை 30, அளவு 40. அரசு ஓர் அலகுக்கு 6 வரி போடுகிறது, விற்பவர் கட்ட வேண்டும். அவர் கைக்கு வருவது விலையில் 6 குறைவு, எனவே அளிப்பு 4 + விலை ஆகிறது. புதிய விலை 32, அளவு 36. வாங்குபவர் 2 கூடுதலாகக் கொடுக்கிறார். விற்பவர் 32 வாங்கி, 6 கட்டி, 26 எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இழப்பு 4.

சரி, சட்டத்தைத் திருத்தி வரியை வாங்குபவரே கட்டட்டும். தேவை 88 − 2 × விலை ஆகும். சந்தை விலை 26. வாங்குபவர் 26 கொடுத்து, மேலே 6 கட்டி, மொத்தம் 32 செலவழிக்கிறார். விற்பவருக்கு 26. அளவு 36. எதுவும் மாறவில்லை!

காகிதத்தில் யார் பெயரை எழுதினாலும் சுமை ஒரே மாதிரிதான் பிரிகிறது. பிரிப்பது நெகிழ்ச்சி. இந்தக் கணக்கில் வாங்குபவர் எளிதில் விலகிப்போகக் கூடியவர், அதனால் மூன்றில் ஒரு பங்கோடு தப்பிக்கிறார். நகர முடியாதவர் தலையில் மீதி விழுகிறது. யார் வரி கட்டுவது என்று சட்டமன்றங்களில் நடக்கும் சண்டைகளில் பாதி தேவையில்லாதவை என்று தோன்றிவிட்டது.

அப்புறம் இன்னொரு சிறு எண். அரசுக்குக் கிடைப்பது 36 × 6 = 216. உபரி என்றால் வாங்குபவருக்கு, கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்; விற்பவருக்கு, கிடைத்ததற்கும் குறைந்தபட்சம் ஏற்கத் தயாராக இருந்ததற்கும் உள்ள வித்தியாசம். வாங்குபவர் இழந்த உபரி 76, விற்பவர் இழந்தது 152, சேர்த்தால் 228. மீதி 12 யார் கைக்கும் போகவில்லை. நடந்திருக்க வேண்டிய 4 அலகு வியாபாரம் நடக்காமல் போனதன் விலை அது.

ஜனவரி 20

நேற்றையதற்கு உண்மை உலக உதாரணமாக அமெரிக்காவின் சொகுசு வரியைக் காட்டினார்கள். 1990-ல் சட்டமானது, படகு என்றால் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையில் 10 சதவீதம். குறி பணக்காரர்கள். அவர்களோ படகை விட்டுவிட்டு வேறு எதிலாவது செலவழிக்கலாம். படகு கட்டும் தொழிலாளி அவ்வளவு லேசில் வேறு தொழிலுக்குப் போக முடியாது. விற்பனை விழுந்தது, 1993-ல் படகு மீதான வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. கதை கச்சிதமாக இருக்கிறது, ஆனால் அதே சமயம் அங்கே பொருளாதார மந்தமும் இருந்தது. விழுந்ததில் எவ்வளவு வரியால், எவ்வளவு மந்தத்தால்? ஆக, மற்றவை மாறாமல் இருக்கவில்லை. விரிவுரையில் இதை ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். நான் ஆசிரியராக இருந்தால் பாதி நேரத்தை இதற்கே கொடுப்பேன்.

ஜனவரி 27

சமநோக்கு வளைகோடுகள், அதாவது ஒருவருக்கு ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளை இணைக்கும் கோடுகள். அழகான கணிதம், நீளமான பயிற்சித்தாள், சொல்லிக்கொள்ள அதிகமில்லை. உயிர்காக்கும் தண்ணீர் ஏன் மலிவு, வைரம் ஏன் விலை உயர்வு என்ற பழைய புதிருக்கு விடை இங்கேதான் வந்தது. விலையைத் தீர்மானிப்பது மொத்தப் பயன் அல்ல, இன்னும் ஓர் அலகு கூடக் கிடைத்தால் வரும் பயன். ஜெவான்ஸ், மெங்கர் என்ற பொருளியலாளர்கள் தனித்தனியாக 1871-ல் இதைச் சொன்னார்கள், வால்ரா 1874-ல். இந்தப் புதிரைப் பேசிய ஆடம் ஸ்மித்தின் நூல் வந்தது 1776. ஒரு விடை பரவலாக ஏற்கப்பட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 3

செலவுப் பாடம். நிலையான செலவு, மாறும் செலவு, இறுதிநிலைச் செலவு (இன்னும் ஓர் அலகு உருவாக்கக் கூடும் செலவு). உதாரணத்துக்கு எங்கும் போக வேண்டாம், இந்த வகுப்பே போதும். பாடத்தைப் படம்பிடிக்கச் செலவு பெரிது; ஒருமுறை எடுத்த பிறகு இன்னொருவர் பார்ப்பதால் கூடும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இறுதிநிலைச் செலவு எவ்வளவோ அவ்வளவே விலை என்றால் வீடியோ இலவசமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் படம்பிடித்த செலவை யார் தருவது? பார்க்க மட்டும் வருபவரையும் சான்றிதழுக்காக வருபவரையும் தானாகவே பிரித்து, கொடுக்க மனமுள்ளவரிடம் மட்டும் வாங்குகிறார்கள். இது விலைப் பாகுபாடு. ஒரே விற்பவர் மட்டும் இருக்கும் சந்தையைப் பற்றிய முற்றுரிமைப் பாடத்தில் வரப்போகிறதாம்.

பிப்ரவரி 10

நிறைவுப் போட்டி (யாரும் தனியாக விலையை அசைக்க முடியாத அளவுக்குப் பலர் விற்கும் சந்தை), முற்றுரிமை. சொன்னபடியே விலைப் பாகுபாடு வந்தது. வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 18

தொழிலாளர் சந்தை. வரைபடம் சொல்வது எளிது: குறைந்தபட்சக் கூலியைச் சமநிலைக்கு, அதாவது தேவையும் அளிப்பும் சந்திக்கும் கூலிக்கு, மேலே வைத்தால் வேலை குறையும். இதுவரை கற்ற எல்லாம் அதையே சொல்கிறது. அடுத்த வீடியோவில் டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் வந்து நிற்கிறார்கள்.

1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியாவில் 4.25 அப்படியே இருந்தது. இருவரும் எல்லைக்கு இருபுறமும் 410 துரித உணவகங்களில் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆள் எண்ணிக்கையைக் கேட்டார்கள். நாடு முழுக்க வீசும் பொருளாதாரக் காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படும் என்றால், இரண்டு பக்க மாற்றங்களுக்கும் இடையிலான வித்தியாசம்தான் கூலி உயர்வின் விளைவு. வேலை குறைந்ததற்கான அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை என்று 1994-ல் எழுதினார்கள்.

முடிவு இருக்கட்டும், முறையைப் பாருங்கள். ‘மற்றவை மாறாதிருக்க’ என்று காகிதத்தில் எழுதிவிட்டுப் போகாமல், அது ஏறக்குறைய உண்மையாக இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பிடித்திருக்கிறார்கள். படகு வரிக் கதையில் இல்லாதது இதுதான்.

பிப்ரவரி 19

கார்ட், க்ரூகர் ஆய்வுக்கு எதிர்ப்பும் உண்டு. நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளை வைத்து வேறு முடிவுக்கு வந்தார்கள். 2000-ல் அவர்களுடைய மறுப்பும் இவர்களுடைய பதிலும் அச்சேறின. கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்.

வேலை குறையாமல் போக முடியும் என்பதற்குக் கோட்பாட்டிலேயே இடம் இருக்கிறது. வேலை கொடுப்பவர் கூலியைத் தாமே தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியவராக இருந்தால், ஓர் அளவு வரை கூலி ஏற்றம் வேலையையும் கூட்டலாம். பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-ல் இந்த வகைச் சந்தையை அலசியிருக்கிறார். ஆகவே வரைபடம் பொய் என்று குதிக்க வேண்டாம். எந்த வரைபடம் இந்தச் சந்தைக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி, அதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 26

தகவல் சமச்சீரின்மை, அதாவது ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறுபக்கத்துக்குத் தெரியாமல் இருப்பது. பழைய கார் விற்பவருக்குத் தெரிவது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல கார்கள் சந்தையை விட்டே போய்விடும் என்றது பொருளியலாளர் அகெர்லாஃபின் 1970 கட்டுரை. சில இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் அது வெளிவந்தது. 2001-ல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் அவருக்கு நோபல். ஸ்பென்ஸ் 1973-ல் சொன்னது படிப்புச் சான்றிதழைப் பற்றி: திறமைசாலிக்கு அதைப் பெறுவது எளிது, மற்றவருக்குக் கஷ்டம் என்றால், படிப்பால் ஒன்றும் கூடாவிட்டாலும் சான்றிதழ் திறமையைக் காட்டிக்கொடுக்கும். இந்த வகுப்பின் சான்றிதழை அப்படி எடுத்துக்கொள்வது கடினம். தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 4

இறுதித் தேர்வு முடிந்தது. சான்றிதழ் வாங்கவில்லை, எனக்கு யாரிடமும் காட்ட வேண்டிய அவசியமில்லை. அடுத்து பொருளாதார அளவையியல் (தரவையும் புள்ளியியலையும் வைத்துப் பொருளாதாரக் கேள்விகளைச் சோதிப்பது) வகுப்பில் சேரப் பார்க்கிறேன். நியூ ஜெர்சி மாதிரி எல்லை வசதியாக அமையாத இடங்களில் தரவை வைத்து எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். முன்தகுதியாகப் புள்ளியியல் கேட்கிறார்கள், ஆகவே முதலில் நிகழ்தகவு.