மூச்சு முட்டுதுன்னு போனேன், கட்டிலோடு கட்டி நிமிர்த்தினார்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். நிற்பதுதான் வேலையே. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிரிவிலும் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முதல் தடவை விழுந்தேன். விழுந்ததைவிட அதற்கு முன்னால் நடந்ததுதான் மனசில் நிற்கிறது. காரணமே இல்லாமல் அடுக்கடுக்காகக் கொட்டாவி. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட முடியுமா? பல்லைக் கடித்து அடக்கினேன். அப்புறம் காற்று பத்தவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விடுகிறேன், அடிவரைக்கும் போகவே மாட்டேன் என்கிறது. காது அடைத்தது, கண் இருட்டியது, பிரித்துப் போட்டிருந்த சேலைக் குவியல் மேலேயே சரிந்தேன்.

‘மூச்சு முட்டுச்சு’ என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். அதனால் நெஞ்சு நோய் பிரிவுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே, குழாயில் ஊதும் சோதனை, ரத்தம் எல்லாமே சரி. இருந்தாலும் வீசிங்காக இருக்கலாம் என்று ஒரு பம்ப் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் அடித்தேன். அதற்குள் இன்னும் இரண்டு தடவை விழுந்தாயிற்று. ‘பிள்ளை பயந்து கிடக்கு’ என்று அத்தை மந்திரிக்கவும் கூட்டிப்போனார்.

வேறொரு இடத்தில் பார்த்த இதய டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “படுத்திருக்கும்போது எப்பவாவது முட்டியிருக்காம்மா?” யோசித்துப் பார்த்தேன். ஒருநாளும் இல்லை. மூன்று தடவையும் நின்றுகொண்டிருந்தபோதுதான். படுத்தவரைக் கட்டிலோடு நிமிர்த்திப் பார்க்கும் டில்ட் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

நாலு மணி நேரம் வெறும் வயிறு. குறுகலான கட்டில், கால் ஊன்ற அடியில் ஒரு பலகை. நெஞ்சிலும் முட்டியிலும் பட்டை போட்டு இறுக்கினார்கள். நெஞ்சில் ஈசிஜி ஒயர், விரலில் ஒவ்வொரு துடிப்புக்கும் பி.பி. காட்டும் உறை. கொஞ்ச நேரம் படுக்க வைத்துவிட்டு, கட்டிலை அப்படியே 70 டிகிரிக்கு நிமிர்த்தினார்கள். இருபது நிமிஷம் ஒன்றுமே ஆகவில்லை. வீட்டுக்காரர் சம்பளத்தை இழந்து லீவு போட்டு வெளியே காத்திருக்கிறார், இங்கே நான் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் நாக்குக்கு அடியில் ஒரு ஸ்பிரே அடித்தார்கள். நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுப்பதாம், ரத்தக்குழாயைத் தளர்த்தும்.

ஆறேழு நிமிஷம் போயிருக்கும். கொட்டாவி வந்தது.

“அக்கா, எப்படி இருக்கு?” என்றார் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர். “காத்து பத்தலை தம்பி” என்றேன். அதற்குமேல் ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது கட்டில் படுக்கை நிலையில் இருந்தது, முகமெல்லாம் வியர்வை. 112-இல் இருந்த பி.பி.யின் மேல் அளவு 58-க்கு இறங்கிவிட்டதாம், நாடித்துடிப்பு 44. ‘பிடிச்சாச்சுக்கா’ என்று அந்தத் தம்பி சந்தோஷப்பட்டதைப் பார்க்கணுமே!

நுரையீரலில் ஒன்றுமில்லை என்றால் ஏன் மூச்சு முட்டணும் என்று கேட்டேன். ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். நிமிர்ந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலுள்ள பெரிய தமனியிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் அவை அனுப்பும் சேதியும் குறையும். மூளைத்தண்டு உடனே இதயத்தை விரட்டும், மூச்சையும் தூண்டிவிடும். ஆழமாக இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் கீழே தேங்கிய ரத்தத்தை நெஞ்சுக்குள் உறிஞ்சுகிறது. நுரையீரல் எவ்வளவு விரிந்தது என்பதை அதன் சொந்த நரம்பு முனைகள், மூளைத்தண்டையும் இதயம், நுரையீரலையும் இணைக்கும் வேகஸ் என்ற நரம்பு வழியாக அதே மூளைத்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வேகஸ்தான் கடைசியில் என்னைப்போன்றவர்களுக்குக் கட்சி மாறி, இதயத்துக்கு பிரேக் போட்டுவிடுகிறதாம். இதில் நான் பயந்துபோய் மூச்சை இன்னும் வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகிற குழாய்கள் சுருங்கி, மயக்கம் சீக்கிரமே வந்துவிடும்.

நுரையீரலில் ‘ஜே ஏற்பிகள்’ என்று இன்னொரு வகை நரம்பு முனையும் உண்டாம். கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், ஏ.எஸ். பெயிண்டல். டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். நுரையீரல் நுண்குழாய்களில் ரத்தம் தேங்கினாலோ நீர் கசிந்தாலோ அவை கத்தும், மூச்சு ஆழமில்லாமல் மேலோட்டமாக, வேகமாக ஓடும். “உங்களுக்கு நேர்மாறு அக்கா. ரத்தம் மேலே வரவே இல்லை, அது எதுக்குக் கத்தப்போகுது?” என்றார்.

மருந்து எதுவும் தரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், எனக்கு ரத்தக்கொதிப்பு இல்லாததால் உப்பு கொஞ்சம் தாராளமாக. கொட்டாவி வந்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கணும், அப்படியும் அடங்காவிட்டால் கூச்சப்படாமல் உட்காரணும், முடிந்தால் படுத்தே விடணும். கல்லாவுக்குப் பின்னால் காலைப் பின்னி நிற்பது யாருக்கும் தெரிவதில்லை. மருத்துவச் சீட்டைக் காட்டியதும் ஸ்டூலும் என் பக்கம் வந்துவிட்டது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இரண்டு தடவை கொட்டாவி வந்தது, இரண்டு தடவையும் விழவில்லை.

அந்தப் பம்ப் இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கினதாச்சே என்று அத்தை தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.