பரணிலிருந்து இறங்கிய பெட்டி

ஜனவரி 11

தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. மேலே கிரயப் பத்திரங்கள், நடுவில் இன்லண்ட் லெட்டர்களும் கல்யாணப் பத்திரிகைகளும், அடியில் போட்டோக்கள். "வேண்டாததையெல்லாம் போகியில போட்டுடுடா" என்றார் அத்தை. எது வேண்டாதது என்று பார்த்த பிறகுதானே தெரியும்? ஸ்கேன் செய்து முடிக்கும்வரை ஒரு துண்டுச் சீட்டுகூட வீட்டை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டேன்.

இன்று ஸ்கேனரைத் தொடவே இல்லை. துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ராமபாணப் பூச்சி அரித்த கடிதங்களை நிழலில் காற்றாட விரித்து வைத்தேன். வெயிலில் வைத்தால் மை வெளுத்துவிடும், தாளும் முறுகிவிடும்.

ஜனவரி 13

போகி. தெருவெல்லாம் புகை. ஸ்கேனரை மூடியே வைத்துவிட்டு அளவுகளை மட்டும் முடிவு செய்தேன். கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), போட்டோவுக்கு 600, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் படங்களுக்கு 1200. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600-ல் எடுத்தால் 2400-க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும்; பெரிதாகப் பிரிண்ட் போடவும் அது போதும். மூலக்கோப்பு, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் இருக்கட்டும். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும் அது.

ஜனவரி 16

பத்திரங்கள். தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் பக்கமே இவற்றைக் கொண்டுபோகக் கூடாது. மடிப்பில் நைந்த தாள் உள்ளே போனால் இரண்டாகத்தான் வெளியே வரும். கண்ணாடிமேல் வைத்து எடுப்பதுதான் சரி. முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளம் என்பதால் மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று என்று நடுவில் சில வரிகள் இரண்டிலும் வரும்படி எடுத்தேன்.

பத்திரம்தானே, கறுப்பு வெள்ளை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கலரில் எடுத்தால்தான் ஊதா முத்திரை எது, அதன்மேல் போட்ட கையெழுத்து எது என்று பிரித்துப் பார்க்க முடியும். பின்பக்கத்தையும் விடக் கூடாது. பதிவு விவரமும் சாட்சிகளும் அங்கேதான். கொள்ளுப்பாட்டியின் கைநாட்டும் ஒரு பின்பக்கத்தில் இருந்தது. திரையில் பெரிதாக்கினேன். ரேகைகள் சுழி சுழியாக அத்தனை தெளிவு, ஓரத்தில் மட்டும் மை கொஞ்சம் இழுவியிருக்கிறது. யாரோ விரலைப் பிடித்து அழுத்தியிருக்க வேண்டும். அவருடைய போட்டோ எதுவும் வீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் இருக்கிறதே என்று மூலப் பத்திரத்தை அலட்சியமாக வைத்துவிடக் கூடாது. விற்கவோ அடகு வைக்கவோ போனால் மூலத்தைத்தான் கேட்பார்கள்.

ஜனவரி 19

தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஈரத்தில் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். லேசான மங்கல்தான்.

பாட்டியின் சின்னப் படம் ஒன்றை 1200-ல் எடுத்தபோது மூக்கில் பேசரி தெரிந்தது, கல் மூன்று. கையில் வைத்துப் பார்த்தால் அது ஒரு வெள்ளைப் புள்ளி. படத்தின் பின்னால் மாயவரம் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்பும் நீல மையில் 1958 என்ற எழுத்தும். அதையும் தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 20

அக்கா மகன் அதே படத்தை ஒரு செயலியில் போட்டு, "மாமா, பாட்டி எவ்ளோ கிளியரா இருக்காங்க பாருங்க" என்று காட்டினான். தோல் வழவழவென்று இருக்கிறது, கண் பளபளக்கிறது. பேசரியைக் காணோம். இடது புருவத்துத் தழும்பையும் காணோம். தெரியாத இடத்தை அந்தச் செயலி வேறு ஏதேதோ முகங்களைப் பார்த்து நிரப்பிவிடுகிறது. ஆசையாகச் செய்திருக்கிறான், அவனிடம் கோபமில்லை. ஆனால் குடும்பக் குழுவில் இந்தப் படம் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து எது அசல் என்று சொல்ல யார் இருப்பார்கள்? கீறல் இருக்கட்டும், மங்கல் இருக்கட்டும். அது அவர் முகம்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்னாக்கம் செய்தது நினைவுக்கு வந்தது. ஊர் ஊராகத் தேட வேண்டிய நிலை. நம் வீட்டுப் பெட்டியையாவது நாம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 25

அத்தையை உட்கார வைத்துப் பெயர் கேட்டேன். சிலரைச் சட்டென்று சொன்னார், சிலரைப் புடவையை வைத்துக் கண்டுபிடித்தார். கோப்பின் பெயரிலேயே வருஷம், ஊர், ஆட்கள் மூன்றும் வருகின்றன. யாரென்று தெரியாதவர்களைத் தனி உறையில் போட்டுக் கும்பகோணம் பெரியப்பாவுக்கு அனுப்புகிறேன்.

அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகளை, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுத்தால் ஓரளவு தமிழைப் படித்துவிடுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் லை, ணை வரும் இடங்களைக் கையால் திருத்தினேன். கடிதங்களை நானே படித்துத் தட்டச்சு செய்யப்போகிறேன். தாத்தா கையெழுத்துக்கு வேறு வழியில்லை.

எல்லாம் கணினியில் ஒரு பிரதி, வெளி டிஸ்க்கில் ஒன்று, கோவையில் தம்பி வீட்டில் ஒன்று. நெகட்டிவ்கள் பாக்கி. அவற்றுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வேண்டும், என் ஸ்கேனரில் அந்த வசதி இல்லை. நண்பர் ஒருவர் தன்னுடையதைத் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அவை காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு.