கவுன்சில் நம்பருக்கு என்ன சம்பளம்?

போன வாரம் நைட் டியூட்டியில் எங்கள் வார்டில் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தால் சம்பளம் கூடுமா?" ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமா முடித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்து, மூன்று வருடமாக வேலை பார்ப்பவள். போஸ்ட் பேசிக் என்பது அதற்கு மேல் படிக்கும் நர்ஸிங் பட்டம். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

நான் 2011-ல் திருச்சியில் நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தேன். மூன்றரை வருடப் படிப்பு, கையில் கவுன்சில் பதிவு எண். சம்பளம் 5,500 ரூபாய். அதே வார்டில் ஆறு மாதப் பயிற்சியோடு வந்த பெண்ணுக்கு 4,800. இரண்டு பேருக்கும் ஒரே சீருடை. நோயாளிகளுக்கு இரண்டு பேருமே "சிஸ்டர்"தான். அவள் ஊசி போடுவதில் கெட்டிக்காரி, அவள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் என் பதிவு எண்ணுக்கு அந்த மருத்துவமனை போட்ட விலை 700 ரூபாய்.

என் தங்கை டி.ஃபார்ம். என்ற மருந்தாளுநர் டிப்ளமா படித்தவள். பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம். அவளை ஒரு மருந்துக் கடைக்காரர் கேட்டது இது: நாள் முழுக்கக் கடையில் நின்றால் 8,000, சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டக் கொடுத்தால் 3,500. சட்டத்துக்கு விரோதம் என்று மறுத்துவிட்டு, வேறு கடையில் போய் நின்றாள். அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காகிதம் இல்லாமல் அவருக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் அதற்குத் தனியாக ஒரு விலை. என் காகிதம் இல்லாமலும் எங்கள் வார்டு நடந்துகொண்டிருந்தது.

என்னோடு படித்தவள் 2022-ல் இங்கிலாந்து போனாள். அங்கே நர்ஸ் பதிவு கிடைக்கும்வரை அவளுக்கு பேண்ட் 4 என்ற படிநிலையில் சம்பளம். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறி, அந்த ஊர்ப் பதிவு எண்ணான பின் (PIN) நம்பர் வந்ததும் அடுத்த படியான பேண்ட் 5. அதே வார்டு, அதே கைகள். "பதிவு பெற்ற நர்ஸ்" என்று அங்கே வேறு யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. சம்பள அட்டவணையும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

இங்கே அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000-க்குக் குறையக் கூடாது என்றது. இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸின் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றது. கேரளத்தில் நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடி, 2018-ல் குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். அந்தக் குழுவின் பரிந்துரை வந்தபோது நான் வாங்கியது 9,000. அதைப் பிரிண்ட் எடுத்து நிர்வாகத்திடம் கொண்டுபோனேன். "இது பரிந்துரைதானேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

படிப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. நாடித்துடிப்பு மாறுவதை முன்கூட்டியே பிடிக்க எனக்குக் கற்றுத் தந்தது அந்தப் படிப்புதான். அப்படிப் பிடித்ததால் பிழைத்தவர்களும் உண்டு. அதற்குத் தகுந்த கூலி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: "ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் நாலு இடத்தில் கேள். பி.எஸ்சி.க்குத் தனிச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேள்." இரண்டு இடத்தில் கேட்டுவிட்டாளாம். ஒரு இடத்தில் 1,500 கூடுதல் என்றார்கள், இன்னொரு இடத்தில் "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்றார்கள். மீதி இரண்டு இடத்துக்கு வெள்ளிக்கிழமை ஆஃபில் போகிறாள். நானும் கூடப் போகிறேன்.