பிரித்துப் பிரித்துத் தைத்த ஜாக்கெட்

ஜனவரியில் ஆரம்பித்த ஜாக்கெட் தையல் இப்போதுதான் நாலாவது துணிக்கு வந்திருக்கிறது. நியாயமாக இந்நேரம் பத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தைத்த நேரத்தைவிட, தைத்ததைப் பிரித்த நேரம்தான் அதிகம்.

முதல் ஜாக்கெட் மெரூன் ரூபியா துணி, 1 மீட்டர். பிறகு சுருங்கக் கூடாதென்று முந்தின நாளே நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அளவு ஜாக்கெட்டை மேலே வைத்து வரைந்தேன். சாக்பீஸ் கோடு ஒரு நூல் விலகினாலும் அழித்துவிட்டு மறுபடி வரைந்ததில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. இத்தனை ஜாக்கிரதைக்கும் பிறகு, இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டி வைத்திருந்தேன்! கைத்துணியில் முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக வளையும். இரண்டாவது கைக்கு அதைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். நான் அப்படியே வைத்து வெட்டியிருக்கிறேன். நல்லவேளை, ரூபியாவுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று வித்தியாசம் தெரியாது. ஒன்றைத் திருப்பிப் போட்டதும் இடது கை ஆகிவிட்டது. ஒரு நிமிஷ வேலை.

அந்த ஜாக்கெட்டைக் கெடுத்தது கழுத்து. கிராஸ் பீஸ், அதாவது குறுக்காக வெட்டிய பட்டித் துணி, வைத்துத் தைத்தபோது பின்கழுத்து வளைவில் ஒரு இடத்தில் தையல் லேசாக நெளிந்தது. நகத்தளவுகூட இருக்காது. பிரித்தேன். மறுபடி தைத்ததில் நெளிவு பக்கத்துக்கு நகர்ந்தது. பிரித்தேன். நாலாவது முறை தையல் அச்சு மாதிரி விழுந்தது. சந்தோஷமாகப் போட்டுப் பார்த்தால் ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிகிறது. டேப் வைத்து அளந்தால் கழுத்து அரை இஞ்சுக்கு மேல் அகலமாகியிருந்தது. வளைவாக வெட்டிய இடத்தில் துணி குறுக்குவாக்கில் இருக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் நானே அதை இழுத்து விட்டிருக்கிறேன். போதாதற்கு ஊசி போன வழியெல்லாம் ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை.

எங்கள் தெருவில் தைக்கிற அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். கழுத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, பின்னல் போட்டா மறைஞ்சு போற இடத்துக்கா இவ்ளோ பாடு?” என்றார். பிறகு தன் கடையில் தொங்கிய ஒரு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டு, கால் இஞ்ச் இடைவெளியில் மூன்று தையல் ஓடியிருந்தது. “உடம்பு ஏறினா ஒண்ணைப் பிரிச்சு விட்டுக்குவாங்க. இன்னிக்கு அளவு நாளைக்கும் இருக்குமா?” இத்தனை வருஷமாக ஜாக்கெட் போடுகிறேன், அந்த மூன்று தையல் எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டாவது ஜாக்கெட்டிலிருந்து எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். தோள், கைக்குழி, டக் (மார்புப் பக்கம் மடித்துத் தைக்கிற மடிப்பு) தப்பினால் பிரிப்பது, அதுவும் ஒரே முறை. மற்ற இடங்களில் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துக் கண்ணில் படாவிட்டால் அப்படியே விட்டுவிடுவது. சந்தேகமான இடத்தில் முதலில் மெஷினில் தையல் நீளத்தை 4-ல் வைத்து ஓட்டிப் பார்ப்பேன். சரியாக இருந்தால்தான் 2.5-ல் அழுத்தமாக ஒரு தையல். நீளத் தையல் பிரிக்கச் சுலபம், ஓட்டையும் குறைவு. இரண்டாவதை அடுத்த மூன்று வாரத்தில் முடித்தேன். மூன்றாவதில் ஊக்குப் பட்டி கீழே லேசாகக் கோணல். ராத்திரி பதினொரு மணிக்குக் கை தானாகப் பிரிக்கிற ஊசியைத் தேடியது. டப்பாவை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போனேன். யாருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும் மத்தியானம் வரைக்கும் அந்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆபீஸ் வேலையில் இந்தக் கணக்கு இன்னும் முழுசாகச் செல்லுபடியாகவில்லை. மெயிலை மூன்று முறைக்கு மேல் படிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். இப்போது அனுப்பிய பிறகு திறந்து படிக்கிறேன்.

நாலாவது அம்மாவுக்கு. அளவு ஜாக்கெட் வாங்கி வைத்தாயிற்று, பச்சை ரூபியா வாளியில் ஊறுகிறது. பக்கவாட்டில் ஒன்றரை இஞ்சாகவே விடச் சொல்லியிருக்கிறார் அம்மா.