பேராண்மையும் ஆபீஸ் மெயிலும்

எங்கள் பெங்களூர் ஆபீஸில் 'மேக்னானிமஸ்' (பெருந்தன்மையுள்ளவர்) என்ற ஆங்கில வார்த்தை படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒயிட்ஃபீல்டு ரோடு அடைத்துக்கொள்வதற்கு முன்னால் கிளம்புங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டால் போதும், குரூப்பில் யாராவது அவரை மேக்னானிமஸ் ஆக்கிவிடுவார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். லீவு கொடுப்பவரெல்லாம் பாரி வள்ளல் என்றால் பாரியை என்ன சொல்வது?

லத்தீனில் 'மேக்னஸ்' என்றால் பெரிய. 'அனிமஸ்' என்றால் மனம். துணிச்சலுக்கும் அதே சொல்தான். அதனால் இந்த வார்த்தை ஆங்கிலத்துக்குள் வந்த காலத்தில் வீரம்தான் முன்னே நின்றது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அதற்குப் பெரும் துணிவு என்றே பொருள் சொல்கிறார். மன்னிப்பு, தாராளம் எல்லாம் பிற்பாடு மேலே வந்தவை.

இதற்கெல்லாம் மூலம் அரிஸ்டாட்டில். அவர் காட்டும் பெரிய மனிதர் மெதுவாக நடப்பார், கனத்த குரலில் பேசுவார். தான் செய்த உதவி ஞாபகம் இருக்கும், வாங்கிய உதவி மறந்துவிடும். எங்கள் அபார்ட்மெண்ட் கமிட்டியில் இப்படி ரெண்டு பேர் இருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலின் அந்தப் பெரிய மனிதரோடு எனக்கு ஒட்டவில்லை.

நம்ம வள்ளுவர் (பெங்களூர் அல்சூரில் சிலையாக 18 வருஷம் மூடியே கிடந்து 2009-இல் திறக்கப்பட்டாரே, அவர்தான்) படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு குறள் வைத்திருக்கிறார்:

பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால்
ஊராண்மை மற்றதன் எஃகு.

அஞ்சாமல் மோதுவது பேராண்மை. அதே பகைவனுக்கு ஒரு இக்கட்டு வந்தால் கைகொடுப்பது அந்த ஆண்மையின் கூர்மை. பரிமேலழகர் இதற்கு ராமனைத்தான் எடுத்துக்காட்டுகிறார்: படையெல்லாம் அழிந்து தனியாக நின்ற ராவணனை 'இன்று போய் நாளை வா' என்று அனுப்பியது. எஃகு என்ற சொல்லைக் கவனியுங்கள். இரக்கத்தைக் கொண்டுபோய் ஆயுதத்தின் முனையில் வைக்கிறார். வீரமும் ஈகையும் இங்கே ரெண்டு தனிக் குணங்கள் இல்லை.

ராமன் வேண்டாம், ரொம்பத் தூரம் என்றால் நம்ம ஊர் கிரிக்கெட் வீரர் குண்டப்பா விஸ்வநாத், செல்லமாக விஷி, இருக்கிறார். 1980 பிப்ரவரி, மும்பை வான்கடே, இங்கிலாந்தோடு ஜூபிலி டெஸ்ட். விஷி கேப்டன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் போய்த் தடுமாறிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர்களுடைய பாப் டெய்லருக்கு அம்பயர் கேட்ச் என்று அவுட் கொடுத்துவிட்டார். பேட்டில் படவில்லை என்று பட்டதும் விஷி அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஆடவைத்தார். டெய்லரும் இங்கிலாந்தின் இயன் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

தோற்றதற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். போத்தம் அந்த மேட்சில் சதமடித்ததோடு 13 விக்கெட்டும் எடுத்தார். அதையும் விஷி தலையில் கட்ட முடியாது.